இடது பக்கக் கதவு

இடது பக்கம் செத்துப் போச்சு என்றுதான் பஷீரிடம் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி இறங்கின கையோடு அதைத்தான் சொன்னேன், ஒரு வணக்கம்கூட இல்லாமல். முன்னாடி இடது, பின்னாடி இடது, ரெண்டு ஸ்பீக்கரும் போயிருச்சுங்க, பாட்டெல்லாம் என் பக்கத்துக் கதவில் இருந்து மட்டும்தான் வருது, நாலையும் மாத்திருங்க. பஷீருக்கு என் வயசுதான் இருக்கும், காதோரம் நரை, சட்டைப் பையில் டெஸ்டர், உக்கடத்தில் இருபது வருசமாகக் கார் ஆடியோ கடை. ஒட்டுக்கா ஒரே சமயத்துல ரெண்டும் போறது அபூர்வமுங்ணா, பாத்துட்டு மாத்தலாம் என்றார். பார்க்கவெல்லாம் வேண்டாம் என்றேன். எனக்கு அவசரம். சனிக்கிழமை, கம்பெனிக்கு லீவு போட்டிருக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் உடுமலை போய்ச் சேர வேண்டும். கலாமணி அங்கே அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், பதினொரு நாளாக. அக்காவுக்கு முழங்கால் ஆபரேசன், கூடமாட இருந்துட்டு வர்றேன் என்று என் எதிரே நின்று சொல்லிவிட்டுப் போனாள். எதிரே நின்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கொஞ்ச காலமாக அவள் என்னிடம் எதையும் சொல்வதே இல்லை. காரில் ஏறினால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். முன்னெல்லாம் பாட்டோடு சேர்ந்து பாடுவாள், சரணத்தில் வார்த்தை மறந்துபோனால் ஏதோ ஒரு வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றுவாள். இப்போது பாட்டும் இல்லை பேச்சும் இல்லை. ஸ்பீக்கர் இந்த லட்சணத்தில் இருந்தால் யாருக்குத்தான் பாடப் பிடிக்கும் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். புதுசு போட்டுக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, ஏறு என்று சொல்லி, பாட்டைப் போட்டுவிட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த ஒருவன் வேறென்ன செய்துவிட முடியும். எதற்குச் சமாதானம் என்பதுதான் தெரியவில்லை. சண்டை எதுவும் நடந்த ஞாபகம் இல்லை.

கடைச் சுவரில் பலகை அடித்து வரிசையாக ஸ்பீக்கர்களைப் பதித்திருந்தார்கள். பஷீர் ஒவ்வொரு பட்டனாக அழுத்த, அதே பாட்டு ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒன்று மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி, ஒன்று குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி. இதுல பெருசும் சின்னதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்குமுங்ணா, இது தனித்தனி, சின்னதை மேல கண்ணாடி ஓரத்துல வெச்சா பாட்டு நேரா முகத்துக்கு வரும் என்றார். எத்தனை வாட்ஸ் என்று கேட்டேன். டப்பா மேல எழுதியிருக்கற வாட்ஸை நம்பாதீங், உங்க காதை நம்புங்க என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. என் காதைப் பற்றி என்னிடமே சொல்கிறார். பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் செக்சனில் இருபத்தெட்டு வருசம். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துப் பிடியை வலது காதில் வைத்தால் போதும், பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் சொல்லிவிடுவேன். மீட்டர் பாஸ் செய்து அனுப்பிய மோட்டாரை நான் வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன், பிரித்துப் பார்த்தால் நான் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். சென்னியப்பன் காதுக்குத் தப்பாது என்று மேனேஜரே சொல்வார். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் பஷீர், என் இடது பக்கம் நிற்கிறார், எப்போது அந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. ரெண்டு தரம் கூப்பிட்டனுங்ணா, என்ன மாதிரிப் பாட்டு கேப்பீங்கன்னு. பாட்டுச் சத்தத்தில் விழவில்லை என்றேன். என்ன மாதிரிப் பாட்டு. நான் கேட்பது இருக்கட்டும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். பழைய பாட்டு. பழைய பாட்டு என்றால் எது, யார் பாடினது, சோகமா, தாளம் போடுகிற மாதிரியா. கூடவே அவள் பாடிக்கொண்டு வந்த இத்தனை வருசத்தில் ஒரு பாட்டின் முதல் வரிகூட எனக்கு வரவில்லை. பொம்பளை குரல் தெளிவாக் கேக்கணும், அது போதும் என்றேன். அப்படின்னா தனித்தனி வர்றதே போடலாம் என்றார்.

இடது முன்கதவை முதலில் பிரித்தார். திருகாணிகளைக் கழற்றி, கதவுக்கும் அட்டைக்கும் நடுவே பட்டையான பிளாஸ்டிக்கை விட்டு நெம்பினார், கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் படக் படக் என்று விட்டன. அட்டை கையோடு வந்தது. கதவின் உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, பத்து வருசமாகத் திறந்து மூடுகிற கதவு, உள்ளே வெறும் தகரமும் ஒயரும் தூசியும். பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சதுர பேட்டரியை எடுத்து, அதன் முனைகளை ஸ்பீக்கர் கம்பியில் வைத்தார். டப் என்றது. நடுவில் இருந்த கருப்புக் கூம்பு வெளியே தள்ளி உள்ளே போனது. திரும்பவும் வைத்தார். டப். இது நல்லாத்தானே இருக்குதுங்ணா. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருள் போயிருந்தால் அசையாது. கிழிந்திருந்தால் கரகரக்கும். இது அசைகிறது, சுத்தமாக அசைகிறது, மோட்டார் பார்க்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படின்னா ஒயர்ல இருக்கும் என்றேன். மீட்டரை வைத்து ஒயரைப் பார்த்தார், ஒயரும் சரியாக இருக்குதாம். பின்கதவைப் பிரித்தார், அதுவும் டப். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் என்றுதான் நினைத்துக்கொண்டேன், ஆனால் உள்ளங்கை வேர்த்திருந்தது, பேண்டில் துடைத்துக்கொண்டேன். சில சமயம் விட்டு விட்டு வரும், சூடானா நின்னுக்கும், மோட்டார்லயும் அப்படி உண்டு என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பஷீர் மறுத்துப் பேசவில்லை. உங்களுக்கு மாத்தோணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங் என்றார். மாத்திருங்க என்றேன். புது ஸ்பீக்கருக்கு அடியில் பஞ்சுப் பட்டை ஒட்டினார், தகரம் அதிராமல் இருக்கக் கருப்பு ஷீட் ஒன்றை வெட்டி உருளையால் அழுத்தித் தேய்த்தார், சின்ன ஸ்பீக்கரைக் கண்ணாடி ஓரத்தில் பதித்தார். வேலை சுத்தமாக இருந்தது. நாலு கதவையும் முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அந்த டப் என்ற சத்தத்தைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை. கெட்டுப்போகாத ஒன்றை எதற்கு மாற்றுகிறேன். கெட்டுப்போகவில்லை என்றால் பாட்டு எங்கே போனது.

உக்காருங்ணா, போட்டுக் காட்டறேன் என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பஷீர் இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்று, உள்ளே கையை நீட்டிப் பாட்டைப் போட்டார். நல்ல பாட்டு, நல்ல சத்தம், பெண் குரல் தெளிவாக இருந்தது. என் பக்கத்துக் கதவில் இருந்து வந்தது. என் பக்கத்துக் கதவில் இருந்து மட்டும் வந்தது. இன்னும் அதேதானுங்க, ரைட்ல மட்டும்தான் வருது என்றேன். அவர் முகத்தைச் சுளித்து, தலையை உள்ளே விட்டு ரெண்டு பக்கமும் திருப்பிக் கேட்டார். நாலும் பாடுதுங்ணா. இல்லைங்க, ரைட்ல மட்டும்தான். இருங்க என்று சொல்லிவிட்டுத் திரையில் எதையோ தொட்டு நகர்த்தினார். இப்ப ரைட்டைச் சுத்தமா ஆஃப் பண்ணிட்டேன், முழுசா லெஃப்ட் மட்டும்தான், இப்பச் சொல்லுங். கேட்டேன். பாட்டு கொஞ்சம் மங்கினது, ஆனால் வந்தது. வலது பக்கத்தில் இருந்து வந்தது. ரைட்ல தானுங்க வருது என்றேன். பஷீரின் விரல்கள் திறந்திருந்த இடது கதவின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, அவருக்கே தெரியாமல், பிறகு அதுவும் நின்றது. கையை வெச்சுப் பாருங்ணா என்றார் மெதுவாக. என் பக்கத்துக் கதவில், ஸ்பீக்கர் வலை மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது, அசைவே இல்லை, கட்டை மாதிரி கிடந்தது. பஷீர் இடது கதவைச் சாத்தினார், எட்டி அதன் மேல் கையை வைத்தேன். அது துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளத்துக்கும் என் கையை உதைத்தது. கை இங்கே என்கிறது, காது அங்கே என்கிறது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. ரைட் காதை விரலால அடைச்சுக்கங்ணா என்று பஷீர் சைகை செய்தார், சொல்லவில்லை, சைகைதான் செய்தார், அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. வலது காதில் விரலை வைத்து அழுத்தினேன். பாட்டு அடியோடு அமுங்கிப்போனது, உக்கடமே அமுங்கிப்போனது, பஸ் ஹாரன், டீக்கடை, எல்லாம் எங்கோ கிணற்றுக்கு அடியில் போய்விட்டன. விரலை எடுத்தேன், திரும்பி வந்தன. இடது காதில் விரலை வைத்து அழுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி அடைத்தேன், மறுபடி எடுத்தேன், எத்தனை தரம் என்று தெரியாது, பஷீர் இந்தப் பக்கம் சுற்றி வந்து என் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தார்.

வாங்க, வெளிய வந்து உக்காருங்க என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேனா தெரியவில்லை. என்றைக்கிருந்து. அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது, என்றைக்கிருந்து. ஒரு மோட்டார் நின்றால் அந்த நிமிசம் தெரியும், ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்று. காது நின்றது தெரியாதா. வலி இல்லை, சீழ் இல்லை, ஒரு நாள் காலையில் எழுந்து ஐயோ கேட்கவில்லையே என்று நான் பதறினதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, வலது காது அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறது. போன் வலது காதில். ஸ்க்ரூடிரைவர் வலது காதில். சித்திரையில் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போய், உங்க போர் மோட்டார் நான் படுக்கப் போறப்பெல்லாம் ஊளையிடுது, பேரிங் போயிருச்சு என்று சொன்னேன். பாவம், அந்த மனுசன் என் பேச்சை நம்பிப் பேரிங்கை மாற்றினார். மறுநாளும் ஊளை கேட்டது. மோட்டாரையே மாற்றுங்கள் என்றேன். இப்போது இந்த நாற்காலியில், உக்கடத்தில், பட்டப்பகலில், அதே ஊளை கேட்கிறது, மெல்லியதாக, நிற்காமல். வாத்தியார் வீடு இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். நான் தூக்கத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது, இந்த வருசம்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன், படுத்தால் விடிந்துதான் எழுகிறேன் என்று கம்பெனியில் சொன்னேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என் வழக்கம். நல்ல காது தலையணைக்குள், செத்த காது வெளியே. கலாமணி எனக்கு இடது பக்கம் படுப்பாள். காரிலும் இடது பக்கம். சாப்பாட்டு மேஜையிலும் சமையலறைப் பக்கம் வேண்டும் என்று இடது பக்கம். அவள் பேசாமல் இல்லை.

கோபியில் அவள் சித்தப்பா மகள் கல்யாணம். ரெண்டு மாசம் இருக்கும். திரும்பி வரும்போது அவிநாசி தாண்டி நல்ல வெயில், ஏசி, பாட்டு, லாரிகள். அவள் வாய் அசைந்தது. அது ஓரக்கண்ணில் தெரிந்தது, இப்போது படம் மாதிரி தெரிகிறது. ரொம்ப நேரம் அசைந்தது. நடுவில் நிறுத்தினாள், சீட் பெல்ட்டை விரலில் சுற்றினாள், மறுபடி அசைந்தது. பாட்டோடு சேர்ந்து பாடுகிறாள் என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்தது. ஸ்பீக்கர் சரியில்லையே, அவளுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினவள்தான். பாடுகிறவள் எதற்காகச் சீட் பெல்ட்டை விரலில் சுற்ற வேண்டும். பஷீர் என் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், நேர் எதிரில், என் கண்ணைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். பின்னால தெருவுல காது டாக்டர் இருக்காருங்ணா, சனிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் பாப்பாரு. தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே போயிருங்க. போறேன் என்றேன், அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணணும். எழுந்து கடைக்குள் போய்விட்டார், நல்ல மனுசன்.

கலாமணிக்குப் போட்டு இடது காதில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன், இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது, கடைசியாக ஒரு தரம் பார்ப்போம் என்று. மணி அடிக்கவே இல்லை. எடுத்துத் திரையைப் பார்த்தால் நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவள் எடுத்துப் பன்னிரண்டு நொடி ஆகிவிட்டது. வலது காதுக்கு மாற்றினேன். ஏனுங்க, பேசுங்க, ஏனுங்க, கேக்குதுங்களா என்று அவள் குரல். எவ்வளவு பக்கத்தில் இருந்தது அந்தக் குரல். கலாமணி, கோபி கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது கார்ல நீ என்னமோ சொன்ன, என்ன சொன்ன என்றேன். இப்ப எதுக்குங்க அது என்றாள். எனக்குக் கேக்கலை. கேக்கலைன்னு ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்றீங்களா. எனக்கு இடது காது கேக்கலை கலாமணி, சுத்தமாப் போயிருச்சு, எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது, ஸ்பீக்கர் மாத்த வந்தேன், ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது. எங்க இருக்கறீங்க என்றாள். உக்கடத்துல, பஷீர்னு ஒருத்தர் கடையில. தலை சுத்துதா. இல்லை, நீ முதல்ல சொல்லு, என்ன சொன்ன அன்னைக்கு. அவள் சொன்னாள். சத்தம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. எனக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுதுன்னு சொன்னனுங்க. பேச ஒரு ஆள் இல்லைன்னு சொன்னேன். நான் அக்கா ஊருக்கே போயிட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்குமான்னு கேட்டேன். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன், என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. தலையை ஆட்டினீங்க, ம்-ன்னீங்க, அப்புறம் பாட்டைச் சத்தமா வெச்சுட்டீங்க.

நான் பாட்டுக்குத் தலையாட்டினேன் கலாமணி. தாளத்துக்கு ஆட்டினேன். நீ பாடறேன்னு நினைச்சேன். சத்தியமா எனக்குக் கேக்கலை. இதையெல்லாம் நான் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டு போனேன், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் கொஞ்சம் இலேசாகிக்கொண்டு வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. காதுதான் காரணம், நான் இல்லை, காட்டுவதற்கு ஒரு செத்த காது என்னிடம் இருக்கிறது, எந்த டாக்டரும் மெசினில் போட்டுக் கோடு இழுத்து எழுதித் தருவார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, எத்தனை நாளா இப்படி இருக்கும் என்றாள். தெரியலை, ஆறேழு மாசம் இருக்கலாம் என்றேன். ஆறேழு மாசம் என்று திருப்பிச் சொன்னாள். சரிங்க. அதுக்கு முன்னாடி இருபத்திமூணு வருசம் ரெண்டும் நல்லாத்தானே கேட்டுது. அதில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஏதோ ஒரு விலாசத்தைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள். அங்கயே இருங்க, வண்டியை எடுக்காதீங்க, நான் பஸ் புடிச்சு வர்றேன் என்று வைத்துவிட்டாள்.

ரெண்டரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பஷீர் டீ கொடுத்தார், குடித்தேன். வேறு ஒரு வண்டி வந்தது, அதற்கு சீட் கவர் போட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு காதும் கேட்ட காலத்தில் அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று. கைக்கு வருவதெல்லாம் அவள் வாய் அசைவதும் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதும்தான். அவள் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சி எடுத்தாள், அது தெரியும், இப்போது வெளியூரில் இருக்கிற மகள் எட்டாவது படிக்கும்போது, ஒரு வருசம், சனி ஞாயிறு போய் வந்தாள். சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ரெண்டு தெரு தள்ளி நர்சரி ஸ்கூல்ல கேட்டிருக்காங்க, போகட்டுமா என்றாள். அதுமட்டும் எப்படியோ எனக்குக் கேட்டிருக்கிறது. பாக்கலாம் என்றேன். பார்க்கவே இல்லை. அவள் திரும்பக் கேட்டாளா, கேட்டிருப்பாள், எத்தனை தரம், எத்தனை தரம் பாக்கலாம் என்றேன். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இன்னைக்கே கிளம்பணும் என்று சொன்னாள், நாளைக்குக் காலையில் போகலாம் என்று நினைத்து நான் தூங்கிவிட்டேன், காலையில் அவர் போய்விட்டார் என்று போன் வந்துவிட்டது. நீ அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று அவளிடமே கேட்டேன், அவள் அழுதுகொண்டிருக்கும்போது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தே பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்திருப்பதைச் சொல்லக்கூடியவன் நான். இடது காதைப் பற்றி நினைக்க வேண்டும், உள்ளே என்ன வளர்ந்திருக்கிறதோ, நரம்பா, கட்டியா, வலது காதும் பின்னாலேயே போய்விடுமா, வேலை என்ன ஆகும், இதையெல்லாம் நினைக்க வேண்டும் என்று தோன்றியது. மனசு அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றது. இருபத்திமூணு வருசம் நல்லாத்தானே கேட்டுது. அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்கவில்லை.

ஒரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பச்சைக் காட்டன் புடவை, கையில் சின்னக் கைப்பை மட்டும். துணிப் பை இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். என்னிடம் வராமல் நேராகப் பஷீரிடம் போய் என்னங்க ஆச்சு என்று கேட்டாள். நான் கதவில் கை வைத்துப் பார்த்தது வரைக்கும் அவர் ஒன்று விடாமல் சொன்னார், அவள் ஒவ்வொன்றுக்கும் சரிங்க சரிங்க என்றாள். பிறகு வந்து என் வலது பக்கம் நின்றாள். சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன் என்றாள். அவள் லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருசம் ஆகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கு பிரேக்கு என்று கத்தியதில் ஸ்டியரிங்கையே தொடாமல் விட்டுவிட்டாள். கொடுத்தேன். அவள் உட்காருகிற சீட்டில் நான் உட்கார்ந்தேன். சாய்மானம் எனக்குத் தோதாக இல்லை, அவளுக்கென்று வைத்த சாய்வு. அவள் சாவியைத் திருப்பியதும் பாட்டு வந்தது, நிறுத்தினாள். கேட்டுப் பாரு, உனக்காகத்தான் மாத்தினேன் என்றேன். அப்புறமாக் கேக்கலாங்க என்றாள். பின்தெருவுக்கு ஒருவழிப் பாதையில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, நிதானமாகத்தான் ஓட்டினாள், கியர் மாற்றுகிறபோது தடுமாறவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்குக் கால் எப்படி இருக்குது என்று கேட்டேன். ஆபரேசன் எதுவும் இல்லைங்க என்றாள். வலி இருக்குது, மாத்திரை போடறாங்க, அவ்வளவுதான். எனக்குக் கிளம்ப ஒரு காரணம் வேணும், அதனால அப்படிச் சொன்னேன். சிக்னல் விழுந்திருந்தது, முன்னால் ஒரு தண்ணீர் லாரி. வலது காது முழுக்க அவள்தான் இருந்தாள், தப்பிக்க இடமே இல்லை. அங்க ஒரு நர்சரி ஸ்கூல்ல சேர்ந்திருக்கறேன் என்றாள். எட்டு நாளாச்சு. அக்கா வீட்டுல இருந்து நடந்தே போயிரலாம். எந்த வகுப்பு என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், சிக்னல் மாறிவிட்டது, பின்னால் ஹாரன், அதற்கப்புறம்தான் கியர் போட்டாள். யூகேஜி, இருபத்திரெண்டு பேரு என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் இடம் பார்த்து, பின்னால் எடுத்து, ரெண்டு தரம் திருத்தி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னாலும் கூட இருப்பேனுங்க, அதுல மாத்தம் இல்லை. ஸ்கேன் எடுக்கணும்னா எடுப்போம். ஆனா திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு நான் அங்க இருக்கணும், சனி ஞாயிறு வர்றேன், அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல முடியலை. நான் அவள் சொன்னதை முழுவதும் கேட்டேன். பாக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். திங்கக்கிழமை நான் கொண்டு வந்து விடறேன் என்றேன். வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னா. பஸ்ல கூட வர்றேன். முதல் பஸ்ஸு கூட்டமா இருக்குங்க, பொள்ளாச்சி வரைக்கும் நின்னுட்டுத்தான் வரணும் என்றாள். நிக்கறேன் என்றேன்.